கைவிட்ட குவாரியும் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளும்

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது குவாரிக்குள்ளிருந்து புகை எழும்பிக்கொண்டிருந்தது.

செல்வின் சைக்கிளை நிறுத்தி ஒரு காலைத் தரையில் ஊன்றினார். பின்னால் கேரியரில் உட்கார்ந்திருந்த நான் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். பள்ளத்துக்குள் வேப்பமரத்தடியில் ஒல்லியாக ஒரு வெள்ளைப் புகை. கூடவே மிளகாய் வறுக்கும் நெடி.

“யாரோ கீறாங்க, லில்லி” என்றார்.

“நம்ம இடத்துல யாரு வந்து சமைக்கா?” என்றேன்.

சொன்ன பிறகுதான் அது எனக்கே வேடிக்கையாகப் பட்டது. நம்ம இடமாம்! யாரோ ஒரு காண்ட்ராக்டர் தோண்டி, எடுத்த வரைக்கும் எடுத்துக்கொண்டு, போட்டது போட்டபடி விட்டுப்போன கருங்கல் குவாரி அது. பூந்தமல்லியிலிருந்து குன்றத்தூர் போகிற ரோட்டில் ஓரிடத்தில் பழைய லாரித் தடம் ஒன்று பிரியும். இருபக்கமும் வேலிக்கருவை. அதற்குள் கொஞ்ச தூரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனால் தரை சட்டென்று முடிந்துவிடும். கீழே பெரிய பள்ளம்.

எண்பதுகளின் நடுவில் ஏதோ ஒரு வருஷம். அந்தக் கோடை முழுக்க, வேதக்கோயில் ஆராதனை முடிந்ததும் நாங்கள் இரண்டு பேரும் அங்கேதான் போனோம். வீட்டில் கேட்டால், “சும்மா, பூந்தமல்லி வரைக்கும்” என்போம்.

கட்டிய பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு ஒரு மனுஷன் கல்லுப்பள்ளத்துக்கு ஏன் போகவேண்டும்? அதைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது.

கதவில்லாத அறை

என் மாமனாரும் எங்கள் தெற்குப் பக்கத்துக்காரர்தான், ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; செல்வின் பிறந்து வளர்ந்தது இங்கேதான். குவார்ட்டர்ஸைக் காலி செய்ததும் நூம்பலில் மனை வாங்கி வீடு கட்டினார். அப்போது நூம்பலில் வீடுகளைவிட வயல்தான் அதிகம். ராத்திரியானால் தவளைச் சத்தம் காதைப் பிடுங்கும்.

ஒரு கூடம், ஒரு சமையலறை, ஒரே ஓர் அறை. அந்த அறையை எங்களுக்குக் கொடுத்தார்கள். ஆனால் கதவு வைக்கவில்லை. “மரம் விக்கிற வெலையில கதவுக்கு இப்ப என்ன அவசரம்?” என்று மாமனார் சொல்லிவிட்டார். மாமியாரின் பழைய நூல் புடவை ஒன்று நிலையில் தொங்கியது. அந்தப் பக்கம் கூடத்தில் மாமனார், மாமியார், நாத்தனார் இருவர், கல்லூரியில் படிக்கும் கொழுந்தன்.

என் வளையல் குலுங்கினால் கூடத்தில் யாராவது இருமுவார்கள். நாங்கள் சண்டை போடுவதுகூடக் குசுகுசுப்பில்தான். குசுகுசுவென்று சண்டை போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? பாதியிலேயே சிரிப்பு வந்துவிடும், இல்லையென்றால் சண்டை முடியவே முடியாது. எங்களுக்கு இரண்டாவதுதான் அதிகம்.

அந்த வருஷம் தை மாதம் எனக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. குறைப் பிரசவம். எனக்கோ கடுமையான காய்ச்சல். குழந்தையை வேறோர் இடத்தில் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். ஒரு வாரம்கூட அது தங்கவில்லை. எனக்குக் காய்ச்சல் இறங்கி எழுந்து உட்காரும்போது அடக்கமும் முடிந்திருந்தது.

வீட்டுக்கு வந்தேன். குட்டிச் சட்டைகளும் துணித் தொட்டிலும் இருந்த இடம் தெரியவில்லை. “முடிஞ்சதப் பேசப்படாது. ஒடம்பத் தேத்து” என்றார் மாமியார். நாத்தனார்கள் நான் வந்தால் பேச்சை மாற்றினார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. எனக்கு நேரத்துக்குப் பத்தியச் சாப்பாடு வந்தது. ஆனால் புடவைத் திரைக்குப் பின்னால் நான் அழுதால் கூடத்தில் ஐந்து பேர் தூக்கம் கெடும் என்று எனக்குத் தெரியும். அதனால் அழவில்லை.

உப்பு கொண்டாந்தியா?

குவாரியைக் கண்டுபிடித்தது தற்செயலாக. சித்திரை வெயிலில், குன்றத்தூரில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். அங்கே கொடுத்துவிட்ட மாங்காய் இரண்டு பையில் இருந்தது. உட்கார்ந்து தின்ன நிழல் தேடித்தான் அந்தத் தடத்துக்குள் திரும்பினோம்.

கீழே இறங்கும் சரிவில் கல் சில்லுகள் செருப்புக்கடியில் நொறுநொறுத்தன. மூன்று பக்கமும் ஆளைவிடப் பல மடங்கு உயரத்துக்குப் பாறைச் சுவர். அதில் மேலிருந்து கீழாக, அரைக் குழாயைப் பதித்து எடுத்த மாதிரி வரிவரியாகத் தடம். வெடி வைக்கத் துளை போட்ட தடம் என்று செல்வின் சொன்னார். ஒரு மூலையில் பச்சைத் தண்ணீர், மேலே தட்டான் பூச்சிகள். இன்னொரு பக்கம் கூரையில்லாத இரண்டு கொட்டகைச் சுவர்கள். சுவரோரம் துருப்பிடித்த தகர டிரம். சூடான கல்லின் வாசனையும் நாய்த்துளசி வாசனையும் கலந்து அடித்தது.

வேப்பமர நிழலில் உட்கார்ந்தோம். செல்வின் மாங்காயைப் பாறையில் குத்தி உடைத்தார். நிமிர்ந்து பார்த்து, “உப்பு கொண்டாந்தியா?” என்று கேட்டார்.

அவ்வளவுதான் கேட்டார். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. “உப்பு ஒண்ணுதான் இப்ப கொற!” என்று கத்தினேன்.

கொற, கொற என்று பாறைச் சுவர் மூன்று பக்கமும் திருப்பிச் சொன்னது. என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். பிறகு நிறுத்த முடியவில்லை. பிள்ளையை என்னிடம் காட்டாமல் ஏன் அடக்கம் பண்ணினீர்கள் என்று கத்தினேன். தொட்டிலை எங்கே போட்டீர்கள் என்று கத்தினேன். அப்புறம் வார்த்தை போய் வெறும் அழுகை.

செல்வின் மாங்காயைக் கையில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். பிறகு தண்ணீரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, “நான் இன்னா பண்ணுவேன்? டாக்டரு சொன்னாரு, சீக்கிரம் எட்த்துக்கினு போன்னாரு. நான் இன்னா பண்ணுவேன்?” என்று அவரும் கத்தினார். அவர் அழுது நான் பார்த்ததும் அன்றைக்குத்தான்.

முகம் கழுவிக்கொண்டு உப்பில்லாமல் மாங்காயைத் தின்றோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவராகவே, “போலாமா?” என்று கேட்டார்.

நாங்கள் கட்டிய கதை

எல்லா வாரமும் அழுதோம் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் பேசிக்கொண்டிருந்தோம். உரக்கப் பேசுவதே எங்களுக்குப் பெரிய சந்தோஷம். அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் டர்னர். அங்கே இருக்கும் ஆட்களைப்போல் பேசிக் காட்டுவார். நான் என் ஊர்ப்பக்கம் பாடும் கீர்த்தனைகளைப் பாடுவேன். பாறை எனக்குப் பின்பாட்டுப் பாடும்.

மீதி நேரம் அந்த இடத்தைத் துருவித் துருவிப் பார்ப்போம். உடைந்த சம்மட்டிக் கைப்பிடி ஒன்று கிடைத்தது. கொட்டகைச் சுவரில் கரி படிந்த அடுப்பு மூலை. சுண்ணாம்பு பூசிய இடத்தில் யாரோ கரிக்கட்டியால் வரைந்த லாரி, நாலு சக்கரமும் ஒரே பக்கம் தெரியும்படி.

வேப்பமரத்துக்குக் கொஞ்சம் தள்ளி, தரைப் பாறையிலேயே வட்டமாக ஒரு குழி இருந்தது. முழங்கை முங்கும் ஆழம். செல்வின் அதை வெடிமருந்து கலக்கிற இடம் என்றார்.

“அத்தான், உள்ளே கை வச்சுப் பாருங்க. எவ்வளவு வழுவழுப்பா இருக்கு. இது ஆட்டுக்கல். மாவாட்டின வழுவழுப்பு.”

அவர் கையை விட்டுச் சுற்றிப் பார்த்தார். “அப்போ இங்க ஒரு பொம்பள இர்ந்துகீறா” என்றார்.

அதிலிருந்து கதை கிளம்பிவிட்டது. அண்ணன் தம்பி இரண்டு பேர் வேலை செய்தார்கள். ஒருநாள் வெடி நேரத்துக்கு வெடிக்கவில்லை. பார்க்கப் போன தம்பி திரும்பவில்லை. அந்தச் சாபத்தால் குவாரியையே மூடிவிட்டார்கள். மாவாட்டியவள் தம்பியின் மனைவி. வாரா வாரம் ஆளுக்குக் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டு போனோம். கடைசியில் அவள் அந்தத் தண்ணீரில் விழுந்து செத்துப்போனாள் என்று நான் முடித்தேன். செல்வின் ஒத்துக்கொள்ளவே இல்லை.

“அதெல்லாம் சாவல. பஸ் ஏறிப் பூட்டா. வேற எங்கியோ நல்லா கீறா” என்று பிடிவாதமாகச் சொன்னார். அதற்கும் ஒரு சண்டை நடந்தது.

மடியில் வந்த குழவி

அந்த ஆடி மாதப் புகைக்கு வருகிறேன்.

மெதுவாக இறங்கினோம். அந்தக் குழிக்கு முன்னால் ஒரு பெண் காலை நீட்டி உட்கார்ந்து குழவியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். சுங்கடிச் சேலை, மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி. மரத்தடியில் ஒருவர் கோழியின் இறகைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். நாங்கள் வாரா வாரம் சாய்ந்து உட்காரும் கல்லுக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தது. அது சாமிக்கல் என்று எங்களுக்குத் தெரியாது. எனக்குச் சங்கடமாகிவிட்டது.

எங்களைக் கண்டதும் அவள் குரல் உயர்ந்தது.

“இன்னா நைனா, பொண்ண இட்டுக்கினு ஓடியாந்துட்டியா? இந்தப் பள்ளத்துல வந்து எதுனா ஏடாகூடமா பண்ணிக்கப் போறீங்க! ஒழுங்கா ஊட்டுக்குப் போய்ச் சேருங்க!”

“ஐயோ, அதெல்லாம் இல்லம்மா. இது என் சம்சாரம்” என்றார் செல்வின்.

நான் தாலியை எடுத்து வெளியே போட்டேன். அவள் கண்ணை இடுக்கிப் பார்த்தாள். “சிலுவ கீது. வேதக்காரங்களா? செரி, குந்துங்க. சாப்ட்டுத்தான் போவணும்.”

அவள் பெயர் நாகம்மா. கோழியைச் சுத்தம் செய்துகொண்டிருந்தவர் அவள் கணவர் வெங்கடேசன். இருவரும் இந்தக் குவாரியில் வேலை செய்தவர்கள். அவர் கல் உடைத்தார், அவள் ஜல்லி உடைத்தாள். இப்போது பல்லாவரம் பக்கம் வேறொரு குவாரியில் வேலை. வருஷத்தில் ஒருநாள், ஆடியில், இங்கே வந்து முனீஸ்வரனுக்குப் பொங்கல் வைத்துவிட்டுப் போவார்கள்.

செல்வினால் பொறுக்க முடியவில்லை. “இத ஏம்மா மூடுனாங்க? வெடில யார்னா செத்துட்டாங்களா?”

நாகம்மா குழவியை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். “யாரு சொன்னது? ஒருத்தரும் சாவல. தண்ணி வந்துச்சி.”

“தண்ணியா?”

“ஒருநா காலைல வேலைக்கு வந்து பாத்தா கீழ முட்டி அளவுக்குத் தண்ணி. ஊத்துக்கண்ணு தொறந்துகிச்சி. இஞ்சின் வெச்சி எறச்சாங்க. எறைக்க எறைக்க வந்துகினே கீது. காண்ட்ராக்டரு ரெண்டு வாரம் பாத்தாரு, லாரிய எட்த்துக்கினு கெளம்பிட்டாரு. நாங்களும் சட்டி பானைய தூக்கிக்கினு நட்ந்துட்டோம்.”

“மீனு வேற வந்துச்சி. ஊத்து தண்ணில மீனு எப்டி வந்துச்சின்னு இன்னிக்கும் எனக்குத் தெரில” என்றார் வெங்கடேசன் கோழியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அண்ணன் தம்பியும் சாபமும் அத்தோடு போச்சு. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. செல்வின் என்னைப் பார்த்து, நான் சொன்னேன் பார்த்தாயா என்கிற மாதிரி புருவத்தை உயர்த்தினார். மாவாட்டியவள் பஸ் ஏறிப் போய் நன்றாகத்தான் இருக்கிறாள்.

அந்த ஆட்டுக்கல் பற்றிக் கேட்டேன். கல்யாணமாகி அவள் வந்த புதிதில் கொட்டகையில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஆட்டுக்கல்லாம். தன் முறைக்குக் கேட்டால் மூஞ்சியைக் காட்டினார்களாம். அவள் அழுதாளாம். “இந்த ஆளு ஒரு வார்த்த பேசல. உளிய எட்த்துக்கினு வந்து இங்க குந்திகினாரு. சாமத்துக்கெல்லாம் டொக்கு டொக்குன்னு கொத்திக்கினே கெடந்தாரு. அல்லாரும் திட்னாங்க.”

வெங்கடேசன் கோழியின் மேல் இன்னும் குனிந்துகொண்டார். காது சிவந்திருந்தது.

“போம்போது எல்லாத்தியும் எட்த்துக்கினோம். இத்த எப்டி எட்த்துக்கினு போறது? பாறையோட கீதே. குழவிய மட்டும் தூக்கிக்கினேன். வேற எந்தக் கல்லுலயும் இது ஒக்கார மாட்டேங்குது. அதான் வர்சா வர்சம் இட்டாந்து ஒருவாட்டி ஆட்டிக்கினு போறேன்.”

“இதைத் தூக்கிட்டு பஸ்ஸுலயா வந்தீங்க?”

“சேலைல சுத்தி மடில வெச்சிக்கினேன். கண்டக்டரு இது இன்னா லக்கேஜான்னான். புள்ள தூங்குது, கம்னு போன்னேன்.” சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பு குவாரி முழுக்கச் சுற்றி வந்தது. நாங்களும் சிரித்தோம். சிரித்து ஓய்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி சாதாரணமாகக் கேட்டாள்:

“உங்களுக்குப் புள்ளைங்க எத்தினி?”

பேர்

கோயிலில், ரேஷன் கடையில், பக்கத்து வீட்டில் என்று எல்லோரும் கேட்கிற கேள்விதான். “இன்னும் இல்ல” என்பதுதான் பதில். மாமியார் அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தார். சொல்லிச் சொல்லி எனக்கும் பழகிவிட்டது. அதையே சொல்ல வாயெடுத்தேன்.

“ஒண்ணு பொறந்துச்சி. பொண்ணு. இப்ப இல்ல” என்றார் செல்வின்.

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

நாகம்மா உச்சுக்கொட்டவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. குழவியைப் பிடித்தபடியே, “பேரு இன்னா?” என்றாள்.

ஞானஸ்நானம் கொடுக்காத பிள்ளை. பேர் வைக்கவில்லை என்று தலையசைத்தேன்.

“ரோஸ்லின்” என்றார் செல்வின்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் தரையில் கிடந்த கல்சில்லைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார்: “ஆஸ்பத்திரில பாத்துக்கினே இர்ந்தேன். அப்ப தோணிச்சி. லில்லி பெத்த பொண்ணு ரோஸ்லினாத்தானே இருக்கணும்? அங்க கண்ணாடிக்கு இந்தாண்ட நின்னுகினு கூப்புட்டேன். உங்கிட்ட எப்டி சொல்றதுன்னு தெரில.”

ஆறு மாதம் ஆகியிருந்தது. ஆறு மாதமும் அந்தப் பெயர் அவரிடம் தனியாக இருந்திருக்கிறது.

நான் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். சத்தமாகத்தான் சொன்னேன். பாறை திருப்பிச் சொன்னது.

பொங்கல் வெந்து, குழம்பும் கொதித்ததும் நாகம்மா வாழையிலைகளை எடுத்தாள். எங்களுக்கு உள்ளூரப் பயம். படைத்ததைச் சாப்பிடக் கூடாது என்று சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். வேண்டாம் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? அவள் எங்கள் முகத்தைப் பார்த்தே கண்டுகொண்டாள்.

“நீங்க படைச்சத துன்ன மாட்டீங்க இல்ல? எங்க குவாரில கூட ரெண்டு வேதக்கார ஊடு கீது. இரு, சாமிக்கு வைக்கறதுக்கு முன்ன உங்க பங்க எட்த்து வெச்சிடறேன்.”

இரண்டு இலையில் பரிமாறினாள். பிறகு மூன்றாவதாக ஓர் இலைக்கிழிசலை எடுத்து, அதில் ஒரு பிடி பொங்கலை வைத்து என்னிடம் நீட்டினாள். “இது ரோசுலீனு பங்கு. நீயே எங்கியாச்சும் வைய்யி.”

தண்ணீர் ஓரத்துப் பாறையில் கொண்டுபோய் வைத்தேன். நாங்கள் சாப்பிட்டு முடிப்பதற்குள் இரண்டு காக்கைகள் வந்து தின்றுவிட்டுப் போயின.

அந்தச் சாயங்காலம்

அதற்குப் பிறகு நாங்கள் அடிக்கடி அங்கே போகவில்லை. அந்த வருஷ மழையில் தண்ணீர் ஏறி ஆட்டுக்கல் முங்கிவிட்டது. எங்களுக்கு அடுத்தடுத்து இரண்டு பையன்கள் பிறந்தார்கள். அறைக்குக் கதவும் வந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் அந்தப் பக்கம் போனபோது லாரிகள் கட்டட இடிபாட்டைக் கொண்டுவந்து குவாரிக்குள் கொட்டிக்கொண்டிருந்தன. மனை போடப் போகிறார்கள் என்றார்கள். நாகம்மாவை நாங்கள் மறுபடி பார்க்கவில்லை. அவளைப் பார்த்த அன்றைக்குச் சாயங்காலம் அவளால் எங்கள் வீட்டில் நடந்ததை அவள் அறியவும் இல்லை.

விளக்கு வைத்ததும் எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் உண்டு. மாமனார் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி ஜெபிப்பார். அன்றைக்கும் கட்டிக்கொடுத்த மூத்த மகளின் பிள்ளைகள் வரைக்கும் சொல்லி முடித்து, ஆமென் சொல்லப் போகும்போது செல்வின் குறுக்கே பேசினார்.

“அப்பா, ரோஸ்லின் பேரும் சொல்லுங்க.”

எல்லோரும் கண்ணைத் திறந்தார்கள். “அது யாருல?” என்றார் மாமியார்.

“எம் பொண்ணு.”

கொழுந்தன் தலையைக் குனிந்துகொண்டான். மாமனார் கண்டிப்பானவர். செத்தவர்களுக்காக ஜெபிப்பது நம் வழக்கமில்லை என்று சொல்லி எழுந்துவிடுவார் என்றே நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டார். கண்ணை மூடினார்.

“ரோஸ்லினை எங்களுக்குத் தந்ததுக்காக உமக்கு ஸ்தோத்திரம், ஆண்டவரே” என்றார்.

ஆமென் சொல்லும்போது மாமியார் குரல் கேட்கவில்லை. எழுந்து சமையலறைக்குள் போயிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து நானும் போனேன். விளக்கைக்கூடப் போடாமல், அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு, முந்தானையை வாயில் அடைத்து நின்றுகொண்டிருந்தார். என்னைத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

“ஏட்டி, லில்லி” என்றார். “நெத்தி உன் நெத்தி. மூக்கு அவன் மூக்கு. தலை நெறைய முடி. நாந்தான் குளிப்பாட்டி வெள்ள உடுப்புப் போட்டேன்.”

நான் என் பிள்ளையின் முகத்தைப் பார்த்ததில்லை. மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தேன்.

“இன்னும் சொல்லுங்க, அத்தை” என்றேன்.

அவரும் என் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினார்.